குளிர்கால விருந்தினர் தடுப்புத் துணைக்குழு

படூரில் இருக்கும் சாகர தரிசனம் அடுக்ககத்திலிருந்து கடல் தெரியாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால் கோவளம் பக்கம் ஒரு நீலக் கோடு தெரியும் என்று விற்றவர்கள் சொன்னார்கள். தொட்டிமேல் யாரும் ஏறக் கூடாது என்று குடியிருப்போர் நலச் சங்கம் பிறகு தீர்மானம் போட்டது. அதனால் அந்தக் கோட்டை இதுவரை யாரும் சரிபார்க்கவில்லை.

ஜெரோம் அங்கே தரைத்தளத்தில் வீடு வாங்கியிருந்தான். அச்சரப்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் அவனுடைய அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். அவன் படித்து, சிறுசேரியில் மென்பொருள் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, பள்ளிக்கூட ஆசிரியையான பிரிசில்லாவைக் கட்டிக்கொண்டு, வங்கிக் கடனில் இந்த வீட்டை வாங்கினான். அந்தக் குடும்பத்தில் தன் பெயரில் பத்திரம் வைத்திருந்த முதல் ஆள் அவன்தான். அதனால் சங்கத்தின்மேல் அவனுக்கு மரியாதை அதிகம். செருப்பை வாசலில் எந்தத் திசை பார்த்து விட வேண்டும் என்று சங்கம் ஒருமுறை சுற்றறிக்கை விட்டபோது, அதை மதித்து நடந்த ஒரே வீடு அவனுடையது.

"நம்மள மாதிரி ஆளுங்க ரூல்ஸ கரீட்டா ஃபாலோ பண்ணணும்" என்பான்.

"போட்டவங்க மொதல்ல பண்ணட்டும்" என்பாள் பிரிசில்லா.

கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கிய வாரத்தில் எலிகள் வந்தன. பின்பக்கத்துக் காலி மனையில் தண்ணீர் தேங்கி வளைகளெல்லாம் மூழ்கிப்போயிருந்தன. அவற்றுக்குக் காய்ந்த, கதகதப்பான இடம் வேண்டியிருந்தது. ஜெரோமின் சமையலறை அப்படிப்பட்ட இடம். எலியோடு கரப்பானும் மரவட்டையும் எறும்பும் வந்தன. பிரிசில்லா அரிசியையும் பருப்பையும் இறுக்கமான டப்பாக்களுக்கு மாற்றினாள். பொழுது சாய்வதற்குள் குப்பையை வெளியே அனுப்பினாள். சிங்குக்கு அடியில் ஈரம் நிற்காமல் துடைத்தாள். மற்றவை ஓரளவு அடங்கின. எலி மட்டும் அடங்கவில்லை. ஒருநாள் காலையில் பார்த்தால், குழந்தை ஷாரோனின் மெத்தை ஓரத்தைக் கடித்துப் பஞ்சை இழுத்துப் போட்டிருந்தது. குழந்தை அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். தரையில் எது கிடந்தாலும் வாய்க்குத்தான் போகும். ஆகவே மருந்து வைக்கவும் வழியில்லை.

ஜெரோம் சிங்குக்கு அடியில் தலையை நுழைத்துப் பார்த்தான். குழாய் சுவருக்குள் போகும் இடத்தில் அதைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லா மாடிகளின் குழாய்களும் ஏறிப்போகும் சந்து. எலி வரும் வழி தெரிந்துவிட்டது. கம்பி வலையும் கொஞ்சம் சிமெண்டும் போதும். இரண்டையும் வாங்கி வந்து, ஒரு கரண்டியோடு அவன் உட்கார்ந்த நேரத்தில் தாமோதரன் வந்தான்.

தாமோதரன் செங்கல்பட்டுக்காரன். இரண்டாவது மாடியில் குடியிருந்தான். சங்கத்தின் இணைச்செயலாளர். ஜெரோமுக்கு அந்த அடுக்ககத்தில் இருந்த ஒரே நண்பன். தாமோதரன் வீட்டில் மீன், கறி எதுவும் ஏறாது. மனைவி ஸ்ரீதேவிக்கு வாடை ஆகாது என்பான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜெரோம் வீட்டில் அவனுக்கு ஒரு தட்டு உண்டு. பிரிசில்லாவின் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை விரல் நுனிவரை நக்கிவிட்டு, "இந்தக் கைக்கு வளையல் பண்ணிப் போடணும்மா" என்று வாராவாரம் சொல்வான்.

"இன்னா மச்சான் பண்ற?" என்றான் தாமோதரன். "அந்தாண்ட கீறது பைப்பு போற டக்டு. பொதுச் சொத்து. நீபாட்டுக்கு அடச்சின்னா பெரியவரு பேஜார் பண்ணிடுவாரு. எழுதிக் குடு. கமிட்டில நான் கீறேன்ல? உனுக்கு இன்னா கவல?"

ஜெரோம் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுதிக் கொடுத்தான்.

பெரியவர் என்பது சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ணன். ஓய்வுபெற்ற விஞ்ஞானி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், அதைச் சொல்வதற்கில்லை என்பார். அதனாலேயே அவருக்கு எல்லாம் தெரியும் என்று மற்றவர்கள் நம்பினார்கள். அவர் ஜெரோமைக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரவழைத்தார்.

"திரு. ஜெரோம், உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அந்தச் சொல் வெளியே போனால் இங்கே ஒவ்வொருவர் வீட்டின் மதிப்பும் இறங்கும். நமக்குப் பக்கத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வருகின்றன. யாராவது புகார் எழுதுகிறார்களா? கேமராவோடு போகிறார்கள். ஆகவே இனி நாம் இவற்றைக் குளிர்கால விருந்தினர் என்றே குறிப்பிடுவோம்."

உறுப்பினர்கள் கைதட்டினார்கள். தாமோதரனும் தட்டினான், தட்டிக்கொண்டே ஜெரோமைப் பார்த்துக் கண்ணடித்தான். எல்லாம் நம் கையில்தான் இருக்கிறது என்று ஜெரோம் அதற்கு அர்த்தம் செய்துகொண்டான்.

"விருந்தினர் வந்ததற்கு ஆதாரம்?" என்றார் தலைவர்.

ஜெரோம் செல்போனில் எடுத்த படத்தைக் காட்டினான். படத்தில் இருப்பது இந்த வளாகத்து விருந்தினர்தான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்த புழுக்கைகளைப் பிரித்து வைத்தான். தலைவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கருஞ்சீரகமாகவும் இருக்கலாம்."

"சார், மோந்து பாருங்க சார். தெரியும்."

"முகர்ந்து பார்ப்பது அறிவியல் ஆகாது" என்றார் கோபாலகிருஷ்ணன்.

இருந்தாலும் பிரச்சினையைச் சங்கம் அலட்சியப்படுத்தவில்லை. குளிர்கால விருந்தினர் தடுப்புத் துணைக்குழு அமைக்கப்பட்டது. தாமோதரன் ஒருங்கிணைப்பாளர். துணைக்குழுவின் முதல் வேலையாகத் தொடக்க விழா நடந்தது. கிளப் ஹவுஸில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். துணைக்குழுவினருக்குத் தலைவரும், தலைவருக்குத் துணைக்குழுவினரும் சால்வை போர்த்தினார்கள். பிறகு எல்லோரும் வலக்கையை நீட்டி, 'என் இல்லத்தில் விருந்தினர் இல்லை, என் வளாகத்தில் விருந்தினர் இல்லை' என்று உறுதிமொழி எடுத்தார்கள். ஜெரோமுக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கையை நீட்டினான்.

உறுதிமொழியின் கடைசி வரி முடிகிற நேரத்தில், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரின் மேல்விளிம்பு வழியாகப் பெருச்சாளிக்குத் தம்பி போல ஒன்று நிதானமாக நடந்துபோனது. நடுவில் நின்று மீசையைத் துடைத்துக்கொண்டது. ஒரு பெண் மட்டும் "ஐயோ" என்றாள்.

"அம்மா, உறுதிமொழி எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பார்ப்பது ஒழுங்கீனம்" என்றார் தலைவர்.

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்ததாக மருந்து அடிக்கும் கம்பெனியை வரவழைத்தார்கள். எங்கே அடிப்பது என்ற கேள்வி வந்தபோது, துணைக்குழு நான்காவது மாடியை மாதிரிப் பகுதியாகத் தேர்ந்தெடுத்தது. தலைவர் வீடு அங்கேதான் இருந்தது. அங்கே எந்தத் தொந்தரவும் இல்லாததால் முடிவுகளைத் தெளிவாக அளவிட முடியும் என்று விளக்கம் சொல்லப்பட்டது. புகை கிளம்பியதும் நான்கு மாடிகளின் கரப்பான்களும் குழாய்ச் சந்து வழியாக இறங்கி ஜெரோமின் சமையலறைக்கு வந்து சேர்ந்தன. பிரிசில்லா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு துடைப்பத்தோடு நின்றாள். நான்காவது மாடியில் முழு வெற்றி என்று வாட்ஸப்பில் செய்தி வந்தது.

"உன் ஃப்ரெண்டு இன்னாதான் பண்ணிகினு கீறாரு?" என்றாள்.

"தாமு சும்மா இருப்பானா? உள்ள இருந்து வேல பாத்துகினு கீறான். அவசரப்படாத."

அந்த ஞாயிறும் தாமோதரன் வந்து சாப்பிட்டான். இரண்டாம் முறை குழம்பு ஊற்றச் சொன்னான். "காரணத்தக் கண்டுபுடிச்சிட்டா முடிஞ்சது மச்சான். அடுத்த வாரம் உன் வூட்டுக்கே கமிட்டி வரும். ஓட்டையக் காட்டு. அங்கியே பூசி உட்றலாம்."

கமிட்டி வந்தது. தலைவர், தாமோதரன், வளாக மேலாளர் ஹேமந்த் என மூன்று பேர். காலுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். ஜெரோம் ஆசையாகச் சிங்குக் கதவைத் திறந்து டார்ச் அடித்துக் காட்டினான். யாரும் குனியவில்லை. தலைவர் நடு அறையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று மூச்சை இழுத்தார்.

"ஏதோ வருகிறது" என்றார்.

ஹேமந்த் அலமாரியைத் திறந்தான். பிரிட்ஜைத் திறந்தான். சட்டிகளின் மூடியைத் தூக்கி மூக்கை நீட்டினான். கடைசியில் பரணிலிருந்து ஒரு டப்பாவை இறக்கினான். மூடியைத் திறந்ததும் மூவரும் ஓரடி பின்னால் போனார்கள். தாமோதரன் எல்லோரையும்விட அதிகமாகப் போனான்.

"என்ன இது?" என்றார் தலைவர்.

"நெத்திலிக் கருவாடு சார். டைட்டான டப்பா. எலி தொட்டதே இல்ல" என்றாள் பிரிசில்லா.

தலைவர் தாமோதரனைப் பார்த்தார். "இந்தப் பொருளைப் பற்றி உங்களுக்குப் பரிச்சயம் உண்டா?"

ஜெரோமுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது சொல்வான் என்று நண்பனின் முகத்தைப் பார்த்தான். தாமோதரன் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.

"கேள்விப்பட்டிருக்கேன் சார்" என்றான்.

ஜெரோமின் சிரிப்பு பாதியில் நின்றது. வெளியே போகும்போது தாமோதரன் சமையலறை வாசலில் ஒரு நொடி தயங்கி, "வழி இப்படியா சார்?" என்று ஜெரோமையே கேட்டான்.

பொங்கலுக்கு முன் பொதுக்குழு கூடியது. தாமோதரன் அறிக்கையை வாசித்தான். விருந்தினர் வருகைக்கு முதன்மைக் காரணம் 'தரைத்தளத்தில் சேமிக்கப்படும் கடல்சார் உலர் பொருள்' என்றது அறிக்கை. ஓட்டையைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிறகு தலைவர் எழுந்து பேசினார்.

"நண்பர்களே, யாருடைய உணவையும் நாம் குறை சொல்லவில்லை. அது அவரவர் உரிமை. என் அலுவலகத்தில் எல்லா வகையான மனிதர்களோடும் முப்பது ஆண்டுகள் பழகியவன் நான். அவர்கள் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேனே தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே குறை சொல்வது நாமல்ல, விருந்தினர்கள். இத்தனை வீடுகள் இருக்க அவர்கள் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. விலங்குகளுக்குப் பாகுபாடு தெரியாது. ஆகவே நாம் பாகுபாடு பார்க்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது."

கைதட்டல் அடங்கியதும் ஜெரோம் எழுந்தான்.

"சார், அந்தக் கருவாட்ட வாராவாரம் ஞாயித்துக்கெழம எங்கூட்ல ஒக்காந்து யார் துன்னாங்கன்னு உங்க இணைச்செயலாளரக் கேளுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்தில் இருந்த ஸ்ரீதேவி கணவனைப் பார்த்தாள். தாமோதரன் கையிலிருந்த அறிக்கையை ஒழுங்காக அடுக்கினான்.

"ஜெரோம் சார்," என்றான். அவ்வளவு நாளில் அவன் ஜெரோமை அப்படி அழைத்ததே இல்லை. "தனிப்பட்ட விஷயங்களப் பொதுக்குழுவுல பேச வேணாம். அவைக்குறிப்புல ஏறாது."

கை தூக்கச் சொன்னார்கள். தாமோதரனின் கை முதலில் போனது. தரைத்தள வீட்டில் உடனே விஷக் கட்டி வைப்பது என்றும், சமையலறை ஜன்னலை அடைப்பது என்றும் தீர்மானம் நிறைவேறியது.

"சார், குழந்த தவழுது சார்" என்றாள் பிரிசில்லா.

"குழந்தைக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லுங்கள்" என்றார் தலைவர்.

மறுநாள் ஹேமந்த் ஆட்களோடு வந்தான். அவர்கள் கையில் கம்பி வலையும் சிமெண்டும் இருந்தன. ஜெரோமுக்கு உயிர் வந்தது. ஆனால் அவர்கள் சிங்குப் பக்கம் போகவில்லை. ஜன்னலில் வலையை வைத்து, அதற்குமேல் தகட்டை அடித்து, விளிம்பைச் சிமெண்டால் பூசினார்கள். வாடை வெளியே போய் விருந்தினரை அழைக்காதிருக்க இந்த ஏற்பாடு. விஷக் கட்டிகளை மூலைக்கு மூலை வைத்துவிட்டு, புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் பிரிசில்லா கட்டிகளைப் பொறுக்கிக் கவரில் கட்டி ஹேமந்தின் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். கார்த்திகையில் வாங்கிய சிமெண்டையும் கரண்டியையும் எடுத்து ஜெரோமின் முன்னால் போட்டாள்.

"இப்பவாச்சும் பூசுறியா? இல்ல நான் பூசட்டா?"

அவன் பூசினான். வலையைச் சுருட்டிக் குழாயைச் சுற்றித் திணித்து, சிமெண்டால் மெழுகி முடிக்க ஒரு சினிமாப் பாட்டு நேரம்தான் ஆயிற்று. அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் எலி இல்லை.

எலிகளுக்குக் குளிர் விட்டுவிடவில்லை. அவை சந்துக்குள்ளேயே மேலே ஏறின. முதல் மாடிக்காரர்கள் ஊருக்குப் போய் வீட்டைப் பூட்டியிருந்தார்கள். அங்கே தின்ன ஒன்றுமில்லை. அடுத்தது இரண்டாவது மாடி.

சனிக்கிழமை பகலில் தாமோதரன் வந்து வாசலிலேயே நின்றான். கண் உள்ளே போயிருந்தது.

"மச்சான், நீ அடச்சதுலருந்து எங்கூட்ல பூந்துகினு பேயாட்டம் ஆடுது. ஸ்ரீதேவியோட கல்யாணப் பொடவையக் கொதறிடிச்சி. அழுதுகினு கீறா. கொஞ்சம் வந்து பூசிக் குடேன். கமிட்டில கேட்டா அறிக்க எழுதணும்பாங்க."

அழுகிறாள் என்ற சொல்தான் ஜெரோமை நகர்த்தியது. மிச்சமிருந்த சிமெண்டை எடுத்துக்கொண்டான்.

"லிஃப்ட்டுல வேணாம் மச்சான்," என்றான் தாமோதரன். "படிக்கட்டுல வந்துடு. யார்னா பாத்தா தப்பாப் பூடும்."

ஸ்ரீதேவி அவனைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். "அண்ணா, எனக்கு வாடை ஆகாதுன்னு இவரு சொல்லிகினு திரியிறாராமே. எங்கம்மா வூட்ல தெனம் மீன்தான். கமிட்டில பேரு கெட்டுப் பூடும்னு இவருதான் இங்க அடுப்புல ஏத்த உடல."

தாமோதரன் சிங்குக் கதவைத் திறப்பதில் மும்முரமாக இருந்தான்.

ஜெரோம் வலையைத் திணித்துச் சிமெண்டைக் குழைத்து முக்கால்வாசி பூசியிருப்பான். அழைப்பு மணி அடித்தது. தலைவர் கையில் ஒரு காகிதத்தோடு வந்திருந்தார். தரைத்தளத்து விருந்தினர்களை மேல்மாடிகளுக்குத் திருப்பிவிட்டதற்காக ஜெரோம்மேல் நடவடிக்கை எடுக்கும் அறிக்கை அது. இணைச்செயலாளர் கையெழுத்து வேண்டுமாம். சமையலறையில் சிமெண்டுக் கையோடு உட்கார்ந்திருந்த ஜெரோமைப் பார்த்து அவர் புருவத்தை உயர்த்தினார்.

"இவர் இங்கே எப்படி?"

ஜெரோம் தாமோதரனைப் பார்த்தான். இம்முறை அவன் சிரிக்கவில்லை, காத்திருந்தான்.

"அவரே தப்ப உணர்ந்து வந்தாரு சார்," என்றான் தாமோதரன். "பண்ணத சரி பண்ணிக் குடுக்கறேன்னாரு."

ஸ்ரீதேவி "இன்னாங்க இது..." என்று தொடங்கினாள். தாமோதரன் கையமர்த்தினான்.

தலைவரின் முகம் மலர்ந்தது. காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மிக்க மகிழ்ச்சி. நடவடிக்கை தேவையில்லை. குடியரசு தின விழாவில் நீங்கள் பேச வேண்டும், திரு. ஜெரோம். 'நான் திருந்திய விதம்.' மற்றவர்களுக்கும் பயன்படும்."

அவர் போனபிறகு ஜெரோம் எழுந்து கை கழுவினான்.

"இன்னும் கொஞ்சந்தான் மச்சான் கீது. முடிச்சிட்டுப் போயேன். அவருகிட்ட வேற இன்னா சொல்ல முடியும் சொல்லு."

"எங்கூட்டுக்குத் துன்ன வர்றப்போ நீ லிஃப்ட்டுலதான வந்த?" என்றான் ஜெரோம். கரண்டியை அங்கேயே விட்டுவிட்டு லிஃப்டில் இறங்கினான். மிச்ச ஓட்டையை ஸ்ரீதேவி பூசினாள்.

விழாவில் பேசுவது என்று ஜெரோம் முடிவு செய்தான். "எல்லாத்தையும் போட்டு ஒட" என்றாள் பிரிசில்லா. இரண்டு நாள் வண்டி ஓட்டும்போதும் குளிக்கும்போதும் அவன் சொற்களை வரிசைப்படுத்தினான். ஓட்டை, தொடக்க விழா, மூக்கில் வைத்த கைக்குட்டை, வழி இப்படியா சார். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தபின், குளிர்கால விருந்தினர் அற்ற வளாகமாக சாகர தரிசனத்தைத் தலைவர் அறிவித்தார். தாமோதரனுக்குக் கேடயம் கிடைத்தது. பிறகு ஜெரோமை அழைத்தார்கள். அவன் மைக்கின் முன் போய் நின்றான். பிரிசில்லா குழந்தையோடு இரண்டாவது வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் ஒருவன் எழுந்து நின்று கைதட்டினான். தாமோதரன். கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உள்ளங்கை சிவக்கத் தட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது. அதில் நடிப்பு இல்லை. நண்பனுக்கு நல்லது செய்து முடித்த நிறைவு அந்த முகத்தில் இருந்தது. தங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் மெய்யாகவே நம்பிக்கொண்டிருந்தான்.

பொய்க்கு எதிராகப் பேசத்தான் ஜெரோம் தயாராகி வந்திருந்தான். இதற்கு அவனிடம் சொல் இல்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றான். ஒலிபெருக்கியில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மைக்கைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினான். பிரிசில்லா குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து அவன் கையைப் பிடித்தாள். மூவரும் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து போனார்கள். பலத்த கைதட்டல் எழுந்தது.

தம்முடைய தவறுகளை உணர்ந்து திருந்திய விதம் குறித்துத் திரு. ஜெரோம் உருக்கமாக உரையாற்றினார் என்று அன்றைய அவைக்குறிப்பில் பதிவாயிற்று. எழுதியவர், இணைச்செயலாளர்.